கரீம் பாய் சொன்ன மீதிக் கச்சேரி

காலை ஏழரை மணிக்குக் கைப்பேசியில் கரீம் பாய் பெயர் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் நாமக்கல்லில் ஒரு வயலின் கச்சேரிக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். வழக்கம்போல நான் ஆறரைக்கே எழுந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டேன். வழக்கம்போல அவர் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு மீதிக் கச்சேரியைச் சொல்வதும் வழக்கம்தான். எடுத்தவுடன் அவரே பேச ஆரம்பித்துவிடுவார், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அதனால் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து, வலிக்கிற காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டேன். ஆனால் வந்தது அவர் மகள் பர்வீனின் குரல். "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள்.

ஒன்பது மணிக்கு வீடு வந்திருக்கிறார். இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறார். விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வயலின் கச்சேரியின் மீதி எனக்குத் தெரியாது. உங்களில் நாலைந்து பேர் அன்று கடைசிவரை இருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

நம் கூட்டத்துக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளி, முள்ளுக்குறிச்சி என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே கச்சேரி நடந்தாலும் கிளம்பிவிடுகிற பதினைந்து பேர், அவ்வளவுதான். மலைமேலிருந்து வருகிறவன் நான் ஒருத்தன். கரீம் பாயின் நினைவாக ஆளுக்கு ஒரு நல்ல கச்சேரியும் ஒரு மோசமான கச்சேரியும் எழுதித் தர வேண்டும் என்று நல்லுசாமி எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். பாய் உயிரோடு இருந்தபோது இந்த ஒரே வழக்கைத்தான் நாம் டீக்கடையில் வருடக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தோம், அதனால் நல்லுசாமி கேட்டது பொருத்தம்தான். எழுதித் தருகிறேன். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. கரீம் பாய் பொய் சொல்கிறவர் என்று உங்கள் முன்னால் முதலில் சொன்னவன் நான். அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. 'புளுகு பாய்' என்று நீங்கள் கேலி செய்ததெல்லாம் நான் போட்ட விதை. அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அவர் என்னிடம் மறைத்துவைக்கச் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடம் அதை வாயில் அடக்கி வைத்திருந்து அலுத்துப்போய்விட்டது.

முதலில் அவரைப் பார்த்த நாளைச் சொல்கிறேன். சேந்தமங்கலத்தில் ஒரு கோயில் விழா, மெல்லிசைக் குழு ஒன்று பாடிக்கொண்டிருந்தது. ஆறரை ஆனதும் நான் எழுந்தேன். மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் எழுபது வளைவையும் நடந்துதான் ஏற வேண்டும். தபால்காரனாக நாள் முழுக்க நடந்த காலுக்கு அது ஆகாது. கச்சேரிக்குப் போகிற மலைக்காரர்கள் எல்லோருக்கும் இதுதான் கதி. நாங்கள் எந்தக் கச்சேரியையும் முழுசாகக் கேட்டவர்கள் கிடையாது. பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டையும் குல்லாயுமாக உட்கார்ந்திருந்த ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"ஏனுங்க, இப்பத்தானுங்க களை கட்டுது. எங்க போறீங்க?"

"கடைசி பஸ்ஸுங்க பாய்."

"மலையா?"

"ஆமாங்க. வாசலூர்பட்டிப் பக்கம். போஸ்ட் ஆபீசுல வேலை."

"அட, அங்க போன் இருக்குமே! நம்பரச் சொல்லுங்க. மீதிய நாளைக்குக் காலையில நான் சொல்லிப்புடறேன்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் தபால் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, தபேலாக்காரர் எங்கே சொதப்பினார், பாடின பெண் எந்த இடத்தில் மூச்சு வாங்கினாள், எல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். காரவள்ளியில் அவருக்கு மிளகு மண்டி. மலையில் பாதிப் பேருடைய மிளகு அங்கேதான் இறங்கும். மிளகைக் கையில் அள்ளிப் பார்க்கிறபோது காட்டுகிற அதே கவனத்தோடு அவர் பாட்டையும் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு எல்லாக் கச்சேரிக்கும் முன்பாதி என் காதால், பின்பாதி அவர் வாயால். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கடைசிவரை 'தபாலு'தான்.

நல்ல கச்சேரி எது என்று கேட்டால் உங்களில் பாதிப் பேர் அந்த மழைக் கச்சேரியைத்தான் எழுதுவீர்கள். நானும் அதையே எழுதுகிறேன். தகரக் கூரை போட்ட மண்டபம். அறுபது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் கரகரப்பிரியாவில் ஆலாபனையைப் பாதி கொண்டுவந்திருந்தார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் மைக் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தம்மா கத்திப் பாடவில்லை, எழுந்தும் போகவில்லை. பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வயலின்காரரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டார். மழை விடவில்லை. நாங்களும் உட்கார்ந்திருந்தோம். மணி ஆறரை ஆயிற்று. நான் எழுந்து, குடை இல்லாமல் நனைந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த மகா கச்சேரியில் நான் கேட்டதில் பெரும்பகுதி மழைதான்.

மறுநாள் காலை பாய் குரலே மாறியிருந்தது. "தபாலு, இருபது நிமிசமுங்க. உங்களத் தவிர ஒரு ஆளு எந்திரிக்கல. மழை நின்னுச்சு. அந்தம்மா கண்ணத் தொறக்காம, விட்டாங்க பாருங்க, அதே எடத்துல இருந்து எடுத்தாங்க. தம்புராவ ஒருக்காத் திரும்பிக்கூடப் பாக்கலீங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றார். அது உண்மைதான் என்பதற்கு நீங்களே சாட்சி. நான் அதை மலையில் எத்தனையோ பேரிடம் நேரில் இருந்து கேட்டவன்போலவே சொல்லியிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் நம் கூட்டத்தில் முதல் புளுகன் நான்தான்.

மோசமான கச்சேரி என்று கூட்டம் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது சேலத்து மைதானத்தில் நடந்த அந்தச் சினிமாப் பாட்டுத் திருவிழாவை. வேன் பிடித்துக்கொண்டு போனோம். கூட்டம் கட்டுக்கடங்காமல் போய், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு சுவருக்கு வெளியே நின்றோம். நாங்கள் நின்ற இடத்தில்தான் ஜெனரேட்டர். டீசல் புகையில் செல்வராசு வாந்தியே எடுத்துவிட்டான். மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கே அந்தச் சத்தம் தாங்கவில்லை. எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது கரீம் பாய் மட்டும் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். "இருங்க இருங்க, அதிருது பாருங்க. இது அந்த மோகனப் பாட்டுங்க. இப்பப் பல்லவி முடிஞ்சுச்சு" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கு ஜெனரேட்டரைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் பேப்பரில் பாட்டுப் பட்டியல் வந்திருந்தது. ஒத்துப் பார்த்தோம், ஒன்றிரண்டு தவிர எல்லாம் சரி. அப்படிப்பட்ட காது அவருடையது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கப்புறம் வருடங்கள் போயின. எனக்கு முட்டி தேய்ந்தது. கச்சேரிகளும் தேய்ந்துபோனதுபோல் இருந்தது. எங்கே போனாலும் அதே நாற்காலி, அதே பொன்னாடை, அதே தலைவர் உரை. ஏன் போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தேன். பாய் மட்டும் அலுக்காமல் காலையில் கூப்பிடுவார். ஆனால் அவர் பேசுகிற விதம் மாறியிருந்தது. முன்பெல்லாம் நான் நடுவில் ஏதாவது கேட்டால் நின்று பதில் சொல்வார். பிறகு பிறகு என்னைப் பேசவே விடுவதில்லை. எடுத்தவுடன் ஆரம்பித்து, கடைசிவரை ஒரே மூச்சில் சொல்லி, "சரிங்க தபாலு, வெச்சர்றேன்" என்று முடித்துவிடுவார். வயசாக ஆகத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். எனக்கும் சலிப்பு. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, தபால்களுக்கு முத்திரை குத்திக்கொண்டே கேட்பேன். பாதி காதில் விழும், பாதி விழாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அவர் சொன்ன முடிவுகள் முன்னைவிட நன்றாக இருந்தன. ஒரு கச்சேரியில் தவில்காரரும் அவர் மகனும் பதினைந்து வருடப் பகையை மறந்து ஒரே மேடையில் வாசித்தார்கள். இன்னொன்றில் பாடகர் கண்கலங்கித் தன் குருவின் படத்தைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பாடினார். நம்ம ஊர்க் கச்சேரியில் இவ்வளவெல்லாம் நடக்கிறதா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை. நடந்தது என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது டீக்கடைக்கு வருகிறேன். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நாள். எனக்குப் பிடித்த பாடகர் ஒருவர் வந்துபோன மறு வாரம். அவர் கடைசியில் மேடையை விட்டு இறங்கி வந்து, முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் கேட்டாளென்று தாலாட்டு ஒன்று பாடினார் என்று பாய் காலையில் சொல்லியிருந்தார். நான் அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். கொஞ்சம் கையையும் காலையும் சேர்த்துத்தான் சொன்னேன். செல்வராசு டீயை வைத்துவிட்டுச் சிரித்தான்.

"என்னங்கண்ணா, அன்னிக்கு மைக் செட்டே நாந்தானுங்க. அவருக்குத் தொண்டை கட்டிப்போயி ஏழரைக்கே முடிச்சுட்டுப் போயிட்டாரு. தாலாட்டாவது ஒண்ணாவது! யாருங்க இந்தக் கதைய உட்டது?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கரீம் பாய் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தார். வந்தவர் டீ சொல்வதற்காகக் கடைக்காரர் பக்கம் திரும்பி நின்றார். நான் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "பாய், எத்தனை வருசமா எங்கிட்டப் பொய் சொல்லிட்டு இருக்கீங்க? மலைக்காரன்னா என்ன சொன்னாலும் நம்பிக்குவான்னு நெனப்புங்களா?"

அவர் திரும்பினார். முகம் மலர்ந்து, "தபாலு, உங்களுக்குச் சக்கரை கம்மியாத்தானுங்களே?" என்றார்.

அன்று நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பாய் சாமர்த்தியமாக மழுப்புகிறார் என்று நினைத்தீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால் கோபம் இன்னும் ஏறியது. அவர் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ ஆகிவிட்டது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. டீயைப் பாதி குடித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். நான் போன மோசமான கச்சேரி எது என்று நல்லுசாமி கேட்டிருக்கிறாரே, இதுதான் அது. மேடையும் இல்லை, பாட்டும் இல்லை. ஆனால் இதைவிட மோசமாக நான் எங்கேயும் உட்கார்ந்திருந்ததில்லை.

அதன் பிறகு ஐந்து மாதம் போன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. கச்சேரிக்குப் போனால் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. மிளகு அறுவடை வந்தது. வேறு மண்டிக்குக் கொண்டுபோக மனசு வராமல், எங்கள் தோட்டத்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு காரவள்ளிக்கே போனேன். மண்டி வாசலில் பாய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, காயப்போட்ட மிளகைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். "பாய்" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கோபம் போகவில்லை என்று நினைத்தேன். பக்கத்துக் குடோனிலிருந்து ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார். பாய் மிளகைக் கிளறிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் மிளகின் மேலேயே விழுந்தோம்.

உள்ளேயிருந்து பர்வீன் ஓடிவந்தாள். அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள். "அத்தாவுக்குக் காது கேக்காதுங்க மாமா. ரெண்டு காதும். நாலு வருசமாச்சு."

அதுதான் அவர் மறைக்கச் சொன்னது. நாலு வருடமாக நம்மோடு முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டித் தாளம் போட்டவருக்கு ஒரு ஸ்வரம்கூடக் கேட்கவில்லை. நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நம்மைப் பேசவிடாமல் அவரே பேசிக்கொண்டிருந்தது அதற்காகத்தான். காதில் மாட்டுகிற மெஷின் வாங்கிப் பார்த்திருக்கிறார். "பேச்சு கேக்குதுங்க. பாட்டு தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டற மாதிரி இருக்குதுங்க. அதுக்கு இதே தேவலைன்னு கழட்டிட்டேன்" என்றார்.

மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டு, அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன். "அப்புறம் எதுக்குங்க பாய் கச்சேரிக்கு வர்றீங்க?"

"பாக்கறதுக்குங்க. பாடறவங்க கழுத்து நரம்பு, வயலின்காரர் மணிக்கட்டு, எதிர்ல உக்காந்திருக்கற சனங்க மொகம். மிருதங்கம் நெஞ்சுல வந்து அடிக்குது. பாதி அதுலயே தெரிஞ்சுரும்."

"மீதிக் கதையெல்லாம்?"

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "நீங்க பஸ்ஸுக்கு எந்திரிப்பீங்கல்ல, அப்ப உங்க மொகம் இருக்கும் பாருங்க. மீதி இல்லாம மலையேற உட முடியுமுங்களா? என்ன நடந்துச்சுன்னு எனக்கும் தெரியாது. முன்ன நான் கேட்டதுலயே நல்லதாப் பொறுக்கிச் சேத்துச் சொன்னேனுங்க. மோசமானதத் தூக்கிட்டு எதுக்குங்க எழுவது வளைவு ஏறோணும்?"

மறுநாளே உங்கள் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன், மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன் என்றேன். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வேண்டாமுங்க. புளுகுறவன்னா வாய்யான்னு கூப்பிட்டு, உக்கார வெச்சுச் சிரிப்பாங்க. செவிடன்னா, பாவம் அவர எதுக்கு அலைய வெக்கறதுன்னு உட்டுட்டுப் போயிருவாங்க. எனக்குப் புளுகனே போதுமுங்க" என்றார். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்று வாதாடினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பார்வை மங்கின பிறகு நம்ம கந்தசாமியண்ணனை வேனில் ஏற்றுவதை நாம் எப்போது நிறுத்தினோம் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை.

ஆகவே வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருடம் நீங்கள் அவரைக் கேலி செய்தபோதெல்லாம் டீயைக் குடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் தப்பை ஒத்துக்கொள்ளாமல் தப்பிக்கவும் அது வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். காலையில் போன் மறுபடி வர ஆரம்பித்தது. அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் "அப்படிங்களா பாய்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஒரே ஒரு தடவை அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "தபாலு, ஒரு நாளு எங்க ஊட்டுல தங்கிக்கங்க. பஸ்ஸ உட்டுருங்க. கடைசிவரைக்கும் கேட்டு, உள்ளது உள்ளபடி எனக்குச் சொல்லுங்க. நான் ஒரு முடிவக் கேட்டு வருசமாச்சு." போன தை மாதம் அப்படியே செய்தேன். நாமக்கல்லில் நன்றாகப் பாடுகிறவர் என்று பெயரெடுத்த ஒருவரின் கச்சேரி. ஆறரைக்கு என் கால் தானாகவே எழப் பார்த்தது. உட்கார்ந்தேன். முப்பது வருடமாக ஏங்கின பின்பாதியைக் கேட்டேன். பாடகருக்குக் குரல் களைத்துவிட்டது. நடுவில் முக்கால் மணி நேரம் பொன்னாடை போர்த்தினார்கள். பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. மங்களம் பாடும்போது பின்னால் நாற்காலிகளை மடக்கி அடுக்குகிற சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. இதற்காகவா இத்தனை வருடம் என்று எனக்குச் சோர்வாக இருந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில், தெரு விளக்கு முகத்தில் விழுகிற மாதிரி என்னை நிறுத்தினார். "சொல்லுங்க. கடைசி எப்படிங்க?" என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலி மடக்கிய சத்தத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குரல் கடைசியில் எப்படித் திறந்துகொண்டது, சிந்துபைரவியில் எப்படி இழைத்தார், மங்களம் முடிந்தும் யாரும் எழவில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். முழுக்கக் கேட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"காது மட்டுந்தானுங்க இல்ல. கண்ணு நல்லாத்தான் இருக்குது. சனம் எந்திரிச்சுப் போனத நானும் பாத்தேன்" என்றார். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். "பரவால்லீங்க. சொன்னது நல்லா இருந்துச்சு. ஏறுங்க."

அவர் போன நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதுகிற சடங்குக்குக் காரவள்ளி போயிருந்தேன். உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். எல்லோரும் கிளம்பின பிறகு பர்வீனிடம் தனியாகக் கேட்டேன். கூட்டத்தில் உண்மையைச் சொல்லட்டுமா, அத்தா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாரே என்றேன். "இனி அவங்களக் கச்சேரிக்குக் கூப்பிடாம உட்டுருவாங்களா மாமா? சொல்லுங்க" என்றாள். அதனால்தான் எழுதினேன். செல்வராசு, நல்லுசாமி, எல்லோருக்கும் சொல்கிறேன். கரீம் பாய் பொய்யர் இல்லை. அந்தப் பேச்சை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கிளம்புகிறபோது பர்வீன் இன்னொன்றும் சொன்னாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அத்தா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வாராம். பேசிக்கொண்டே அவள் முகத்தைப் பார்ப்பாராம். நல்ல இடம் வந்ததும் புருவத்தைத் தூக்கி, தபாலு சிரிக்கிறாரா என்று சாடையில் கேட்பாராம். அவள் தலையாட்டினால்தான் மேலே சொல்வாராம்.

"முன்னயெல்லாம் நீங்க நல்லாச் சிரிப்பீங்க மாமா. அப்புறம் பல நாளு நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்க. டக்கு டக்குன்னு முத்திரை குத்தற சத்தம் மட்டுந்தான் கேக்கும்."

"அப்ப நீ என்ன பண்ணுவ கண்ணு?"

"அப்பவும் தலையாட்டிருவேனுங்க."

அவருடையது என்று என்னிடம் இருப்பவை அவர் சொன்ன அந்த முடிவுகள்தான். எண்ணிப் பார்த்தால் இருபதுக்குக் கிட்டே வரும். பகை மறந்த தவில்காரர், குருவின் படம், தாலாட்டு, எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த மேடைகளில் நடக்காதவை, ஆனாலும் நான் கேட்ட கச்சேரிகளில் அவைதான் முழுசானவை. அவற்றில் எதற்கெல்லாம் நான் சிரித்தேன், எதற்கெல்லாம் நான் சிரிக்காமலே பர்வீன் தலையாட்டினாள் என்பதுதான் இப்போது எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.